அக்கரைச் சார்ஜென்ட்

எந்த மூலையில் திரும்பினாலும் யேரோ முதலில் தொண்டையைச் செருமுவார். வயர்லெஸ் கொட்டகையின் முனை, சமையல் கூடாரத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மணல்மூட்டைச் சந்து, எங்கேயும் இதே கதைதான். இரண்டு செருமல், ஒரு கண நிதானம், அப்புறம்தான் ஆள் வெளியே வருவார். கைகள் இரண்டும் தொடையை விட்டு ஒரு சாண் தள்ளி, விரல்கள் விரிந்து தொங்கும். புதிதாக வந்த சிப்பாய்கள் அவருக்கு நெஞ்சுச்சளி என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் அவருடைய சட்டை. எங்கள் முகாமில் நானூறு பேருக்குப் பச்சைச் சீருடை. அவர் ஒருவருக்கு மட்டும் மணல் நிறம், மேலே ஒரு பழுப்புத் தலைப்பாகை. ஆற்றுக்கு அக்கரையில் அவருடைய நாட்டுப் படை முழுக்க அந்தக் கோலம்தான். ஆனால் நாங்கள் யாரோடு சண்டை போடுகிறோமோ அந்தப் புதர்க்காரர்களும் அதே கோலத்தில்தான் திரிகிறார்கள்.

"சுட்டுட்டு ஸாரி கேட்டா, எனக்குக் காது கேக்காதுல்ல?" என்பார் யேரோ.

சாட் ஏரியைச் சுற்றியிருக்கும் நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டுப் படை இது. எங்கள் முகாம் கொமடுகு ஆற்றின் தென்கரையில், நைஜீரியாவில். வடகரை நைஜர். மழைக்காலத்தில் நடுவே தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் வெறும் மணல். ஒரு கரையின் பீரங்கி மறுகரையின் ரோந்துப் படையைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கரையிலும் மறுகரையின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்களிடம் உட்கார்ந்திருந்தவர் சார்ஜென்ட் யேரோ ஹசூமி. நான் வயர்லெஸ் கார்ப்பரல், பெயர் பித்ருஸ், ஊர் பியூ பக்கம். அவருடைய மேசைக்கு எதிர் மேசை என்னுடையது. இரண்டு வருஷமும் நான்கு மாதமும் அவர் முகத்தைப் பார்த்தபடிதான் என் பகல்கள் போயின.

காலை ஆறு மணிக்கு அக்கரையை அழைப்பார். அங்கிருந்து பிரெஞ்சில் செய்தி வரும். அதை அவர் ஹௌசாவில் எனக்குச் சொல்வார். கேப்டன் அடகோலே தெற்கத்திக்காரர், ஹௌசா தெரியாது. நான் ஆங்கிலத்தில் அவரிடம் சொல்வேன். கேப்டனின் பதில் அதே படிகளில் திரும்ப இறங்கிப் போகும். ஒரு தடவை, இவ்வளவு கை மாறி, காணாமல்போன ஒட்டகம் ஒன்று காணாமல்போன கர்னலாக வந்து சேர்ந்தது. அரைநாள் தேடினோம். அதிலிருந்து யேரோ எந்தச் செய்தியையும் இரண்டு முறை கேட்டுத்தான் வாங்குவார்.

யேரோவுக்கு எதற்கும் 'ஆமாம்', 'இல்லை' என்று சொல்ல வராது. "வெயில் ஜாஸ்தியா இருக்கே அண்ணே?" என்று கேட்டால்கூட, எழுந்து வாசல் வரை போய் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். "பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட வாக்கியம். சிப்பாய்கள் அதை அவருடைய மேற்கு நைஜர் உச்சரிப்போடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் சிரித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

மத்தியானம் டீ போடுவார். நீலப் பீங்கான் கெட்டில், கம்பி அடுப்பு, கைப்பிடி கரி. ஒரே இலையை மூன்று தடவை கொதிக்க வைக்கும் டீ அது. முதல் தடவை கசக்கும், இரண்டாவது பழகும், மூன்றாவது இனிக்கும். மூன்றும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் கிளாஸைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு கால்பந்து பார்க்கப் போய்விடுவார்கள். யேரோ எதிரே நாலு கிளாஸ் வைத்திருப்பார். உயரத்திலிருந்து நுரை வர ஊற்றி, ஒவ்வொன்றாக எடுத்து நாலையும் அவரே குடிப்பார். நான் இருந்திருக்கலாம். எனக்கும் கால்பந்து பிடிக்கும்.

முகாமில் அவரை மரியாதையில்லாமல் பேசிய ஒரே ஆள் யா ஃபல்மாதா. வாசல் தடுப்புக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தட்டைப்பயறு வடை சுடுபவள். கனூரி இனத்துப் பெண். யேரோ ஃபுலானி. கனூரிகளுக்கும் ஃபுலானிகளுக்கும் காலங்காலமாகக் கேலி உறவு. என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது.

"வாடா என் அடிமை! மாடெல்லாம் மேச்சு முடிச்சிட்டியா?"

"உங்கப்பனை எங்க தாத்தா மூணு கன்னுக்குட்டிக்கு வாங்கினாரு. நீ என்னை அடிமைங்கிறியா, பயறு மூட்டை?"

"மூணா? எங்கப்பன் அவ்வளவு பெறமாட்டானே!"

அந்தப் பத்து நிமிஷம் அவர் செரும மாட்டார். சந்தை நாளில் அவள் வருவதில்லை. அன்றைக்கும் பத்து மணிக்கு யேரோ வேப்பமரத்தடிக்குப் போய், அணைந்த அடுப்புக் கற்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

அவர் ஊர் நாட்டின் மறுகோடியில், பெரிய ஆற்றங்கரையில் இருக்கிறது. பஸ்ஸில் மூன்று நாள். அந்தப் பக்கமும் இப்போது இதே தொல்லைதான், வேறு பெயரில் வேறு புதர்க்காரர்கள். "நான் இங்க ஊரைக் காக்குறேன். என் ஊரை எவனோ காக்குறான். அவன் பொண்டாட்டி இந்தப் பக்கத்துக்காரியா இருப்பா" என்பார். வியாழக்கிழமைகளில் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறுவார். அக்கரை செல்போன் கோபுரத்தின் சிக்னல் ஏணியின் எட்டாவது படியில்தான் கிடைக்கும். மனைவி ஹலிமாத்து அதிகம் பேச மாட்டாள். மகளுக்கு நாலு வயது. அவளை அவர் இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறார். ஒரு வியாழக்கிழமை கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து அவர் குரல் வந்தது: "நான் யாரா? அதுவா... பாத்துட்டுத்தான் சொல்லணும், கண்ணு." இறங்கி வந்தவர், "கெட்டிக்காரி. தெரியாதவங்ககிட்ட பேர் கேட்டுட்டுத்தான் பேசுறா" என்றார்.

'பாத்துட்டுத்தான் சொல்லணும்' என்ற வாக்கியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு புழுதிக்காற்று நாளில்தான் தெரிந்துகொண்டேன். வயர்லெஸில் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. நானும் கொட்டகையை விட்டு வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் வேறொரு முகாமில் இதே வேலை பார்த்தார். எந்த முகாம், எந்த நாட்டுப் பீரங்கி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை, தடை செய்யப்பட்ட கரையோரத்தில் தலைப்பாகை கட்டிய ஒன்பது பேர் நடந்து வருவது தெரிந்தது. ஒருவன் தோளில் நீளமாக ஒரு குழல். "உங்க ஆளுங்களா?" என்று கேட்டார்கள். அவர் தம் படையைக் கேட்டார். அங்கே நம் ரோந்து யாரும் இல்லை என்று பதில் வந்தது. "எங்க ஆளுங்க இல்ல" என்று சொன்னார். பீரங்கி இரண்டு முறை வெடித்தது.

"மிளகாய்த் தோட்டக்காரங்க, பித்ருஸு. தடைன்னா தடை, செடிக்குத் தெரியுமா? தண்ணி பாய்ச்சத் திருட்டுத்தனமா வந்திருக்காங்க. தோள்ல இருந்தது மோட்டார் பைப்பு."

நான் கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தேன்.

"நான் பொய் சொல்லல. எங்க ஆளுங்க இல்லதான். விசாரணையிலயும் அதைத்தான் எழுதினாங்க, சார்ஜென்ட் சொன்னது சரின்னு." கெட்டிலைத் திரும்ப அடுப்பில் வைத்தார். "சரியாச் சொன்னேன்னு ஒரு காகிதம் இருக்கு எங்கிட்ட."

போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். புழுதி மூட்டமாக இருந்தது, சூரியன் வெள்ளைத் தட்டு மாதிரி. முகாமின் காவல் கோபுரத்திலிருந்தவன் கத்தினான். கிழக்கே ஆற்று மணலில் மூன்று பிக்கப் வண்டிகள், கூடவே முப்பது பேர் நடை. தலைப்பாகை, துப்பாக்கி. தூரம் இரண்டரை கிலோமீட்டர். அந்த வாரத்து அடையாள நிறம் மஞ்சள். எங்கள் ரோந்தோ அக்கரை ரோந்தோ, கையில் மஞ்சள் துணி கட்டியிருக்க வேண்டும். இவர்கள் யார் கையிலும் ஒன்றும் இல்லை.

கேப்டன் கொட்டகைக்குள் வந்தார். வெளியே மார்ட்டர் குழுவினர் குண்டுப் பெட்டிகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. "கேளு அவர்கிட்ட. அவங்க ஆளுங்களா?"

யேரோ அக்கரையை அழைத்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. பதில் வந்தது. இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்ததில் எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு ஒட்டியிருந்தது. அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்று அந்தக் குரல் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

யேரோ காதிலிருந்து கருவியை எடுத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் கேப்டன்.

"பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார் யேரோ ஹௌசாவில். என்னைப் பார்த்தார்.

நான் அதைத்தான் மொழிபெயர்த்தேன். காதில் விழுந்த மற்றதை விழுங்கிவிட்டேன். அன்றைக்கு அந்த வண்டிகளில் புதர்க்காரர்கள் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நானூறு பேரில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். இது எனக்கு அப்போதே தெரியும்.

"பாத்துட்டா?" கேப்டனின் குரல் உயர்ந்தது. "இங்கேயிருந்து என்னத்தப் பாப்பாரு?"

"இங்கேயிருந்து இல்ல" என்று சொல்லிக்கொண்டே யேரோ ஆணியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்தார். துப்பாக்கியை மேசையில் வைத்தார். கை வயர்லெஸை மட்டும் மாட்டிக்கொண்டார்.

கேப்டன் அவரை ஒரு கணம் பார்த்தார். "பன்னிரண்டு நிமிஷம். அதுக்கு மேல கிட்ட வந்துட்டாங்கன்னா, நீங்க நடுவுல நின்னாலும் நான் சுடுவேன். சொல்லு அவர்கிட்ட, பித்ருஸ்."

சொன்னேன். "அதுதான் சரி" என்றார் யேரோ. நான் அவரிடம் கேட்ட ஒரே உடனடி பதில் அதுதான்.

கையில் வயர்லெஸோடு கேப்டனின் பின்னால் காவல் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். நாற்பத்துநாலு வயது ஆள், முழங்கால் வலிக்காரர், மணலில் ஓடினார். ஓட்டமென்று சொல்ல முடியாது. கோழியைத் துரத்துவது போல ஒரு நடை. கை இரண்டையும் உயர்த்தித் துணியை விரித்துப் பிடித்திருந்தார். புழுதிக்குள் மணல் நிறச் சட்டை சீக்கிரமே கரைந்துவிட்டது. மஞ்சள் மட்டும் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டு நிமிஷம். பத்து நிமிஷம். கீழே மார்ட்டர்க்காரன் தூரத்தைக் குறைத்துக் குறைத்துச் சொன்னான். வண்டிகள் நின்றன. மஞ்சள் புள்ளியும் நின்றது. பிறகு அது விழுந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல்.

"எங்க ஆளுங்க இல்ல."

துணி விழுந்ததைப் பார்த்திருந்த கேப்டன், மார்ட்டர்க்காரனுக்குக் காட்டக் கையை உயர்த்தினார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், வரவில்லை.

"எங்க ஆளுங்க இல்ல. சாட் நாட்டுக்காரங்க. நம்ம ஆளுங்க! நம்ம ஆளுங்க, சுடாதீங்க!"

அதை உடனே ஆங்கிலத்தில் கத்தினேன். சாட் நாட்டுப் படையின் ஒரு பிரிவு அது. ஏரிக்கரையில் முந்தின நாள் நடந்த சண்டையில் வயர்லெஸ் வண்டி எரிந்துபோய், புதர்க்காரர்களைத் துரத்தி வந்து, ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்திருக்கிறார்கள். மூன்று வண்டிகளிலும் காயம்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். மஞ்சள் துணி விழுந்தது, அவர்களுடைய கர்னல் யேரோவை இறுக்கிக் கட்டிக்கொண்டதால். சண்டையில் பிழைத்த ஆள் எப்படிக் கட்டிக்கொள்வாரோ அப்படி. யேரோவின் விலா மூன்று நாள் வலித்தது.

அவர்களை அழைத்துப் போக வண்டிகள் வர நாலு மணி நேரம் ஆனது. அந்த நாலு மணி நேரமும் யேரோ டீ போட்டார். அவர்களுக்கும் அதே டீதான் பழக்கம். கரி தீர்ந்து, ஃபல்மாதாவின் அடுப்பிலிருந்து வாங்கி வந்தார். முதல், இரண்டாவது, மூன்றாவது. ஒருவனும் நடுவில் எழுந்து போகவில்லை. காலில் கட்டுப் போட்ட ஒருத்தன் நாலாவது கேட்டான். "இலையில ஒண்ணும் இல்லடா, வெந்நீர்தான் வரும்" என்றார் யேரோ. "வெந்நீரே ஊத்துண்ணே" என்றான் அவன்.

அவர்கள் போன பிறகு, கிளாஸ்களைக் கழுவியபடி என்னிடம் சொன்னார்: "பிரெஞ்சுல 'நாம'ன்னு ஒரே வார்த்தைதான். உங்க இங்கிலீஷ்லயும் ஒண்ணு. ஹௌசாலயும் ஒண்ணு. எங்க ஃபுலானி பாஷை ஃபுல்ஃபுல்தேல ரெண்டு இருக்கு பித்ருஸு. எதிர்ல நிக்கிறவனைச் சேக்காம ஒண்ணு, சேத்து ஒண்ணு. அன்னிக்கு அந்த முகாம்ல என்னைக் கேட்டவன் 'உங்க ஆளுங்களா'ன்னு பிரிச்சுக் கேட்டான். நானும் சேக்காத வார்த்தையிலயே பதில் சொல்லிட்டேன்."

கேப்டன் அவருக்குப் பதக்கம் கேட்டு எழுதினார். காகிதம் நாலு அலுவலகம் ஏறி இறங்கித் திரும்பி வந்தது. காப்பாற்றியது ஒரு நாட்டுப் படையை, காப்பாற்றியவர் இன்னொரு நாட்டுக்காரர், நடந்தது மூன்றாவது நாட்டில். யார் கொடுக்க வேண்டுமென்று யாருக்கும் தெரியவில்லை. யேரோ அந்தக் காகிதத்தை இரண்டாக மடித்துப் பெட்டியில் வைத்தார். அதற்குக் கீழே பழைய காகிதமும் இருந்திருக்கும்.

மழை தொடங்குவதற்குள் அந்தச் செய்தி வந்தது. காலையில் தம் சின்ன டிரான்சிஸ்டரில் அவர் நாட்டு வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் டீக் கோப்பையோடு உள்ளே வந்ததும், வழக்கமான குரலில், வழக்கமான வேகத்தில் சொன்னார்: "அக்கரைச் செய்தி. எங்க நாடு கூட்டுப் படையிலிருந்து விலகுது." நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கேப்டன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க?"

"என்னைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல, சார்."

பத்தொன்பது நாள் அவரைப் பற்றி எதிலும் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு அக்கரையை அழைப்பார். அங்கே அலைவரிசையை மாற்றிவிட்டிருந்தார்கள். இரைச்சலைக் கேட்டுவிட்டு, நேரத்தைப் பதிவேட்டில் குறித்து வைப்பார். மூன்றாம் நாள் கேப்டன் வந்து சுவரில் இருந்த, வெளியாள் பார்க்கக் கூடாத ரோந்து வரைபடத்தின் முன் தயங்கி நின்றார். நல்ல மனுஷன், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். யேரோ தாமே எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, வெயிலில் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஆறு மணி அழைப்பைக்கூட அங்கிருந்தே கை வயர்லெஸில்தான் செய்தார், கொட்டகைக்குள் வரவே இல்லை. எதிர் மேசையில் என் சாப்பாட்டுத் தட்டை வைக்க ஆரம்பித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த அன்று எடுத்துவிட்டேன்.

பகல் முழுக்க ஃபல்மாதாவின் வேப்பமரத்தடிதான். அவளுக்கும் அந்த நாட்களில் திட்டு சரியாக வரவில்லை. "சாப்புடு" என்று மட்டும் சொல்வாள். "கேலி பண்ணு, பயறு மூட்டை. இல்லேன்னா செத்துட்டேன்னு நினைச்சுக்குவேன்" என்று அவர் கேட்டு வாங்குவார்.

இருபதாம் நாள் உத்தரவு வந்தது. காலை ஒன்பது மணிக்கு அக்கரையில் வண்டி நிற்கும், நடந்து வர வேண்டும். ஒரு பை, ஒரு தகரப் பெட்டி. நீலக் கெட்டிலைப் பையின் மேல் கட்டியிருந்தார். கேப்டன் சல்யூட் அடித்தார். சிப்பாய்கள் சிலர் வந்தார்கள். பலருக்குப் பணி இருந்தது. வாசலில் ஃபல்மாதா ஒரு வடைப் பொட்டலத்தை அவர் பையில் திணித்தாள். அவர் பத்தடி போனதும் காவல்காரர்களைப் பார்த்துக் கத்தினாள்: "என் அடிமை ஓடிப்போறான்! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, சுடுங்கடா!"

ஒருவரும் சிரிக்கவில்லை. யேரோ திரும்பி, "குறி பாக்கத் தெரிஞ்சவன் எவனும் இங்க இல்லடி" என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் குனிந்தாள்.

கடைசிக் காவல் வரைதான் நான் கூடப் போகலாம். பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று, "வியாழக்கிழமை ஏணியில ஏறிப் பாக்கிறேன், அண்ணே. சிக்னல் கிடைச்சா கூப்புடுறேன்" என்றேன். "கூப்புடு" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு மணலில் இறங்கினார்.

நான் ஓடிப்போய் கோபுரத்தில் ஏறி பைனாகுலரை எடுத்தேன். ஆற்றின் அகலம் அறுநூறு அடி இருக்கும். அக்கரையில் ஒரு மணல் நிற வண்டி, அதன் மேல் சாய்ந்து இரண்டு பேர். அவர் நேராக, அவசரமில்லாமல் நடந்தார். சரியாக நடுவில், மழைக்காலத்தில் எல்லைக் கோடு தண்ணீருக்கு அடியில் இருக்கும் இடத்தில், நின்றார். பெட்டியை வைத்தார். பையை இறக்கினார். ஒரு முழங்காலை மணலில் ஊன்றி, இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். இறுக்கமாக இருந்த முடிச்சுதான் அது. பைனாகுலரில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கடைசித் துளை வரை கயிற்றை உருவி, முதலிலிருந்து ஒவ்வொரு துளையாகக் கோத்து, முடிச்சுப் போட்டு, முடிச்சின் காதுகள் இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்தார். அக்கரை வண்டி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. யேரோ நிமிரவில்லை. முழங்காலை மாற்றி ஊன்றி, வலது பூட்ஸின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.